டீச்சர் கமலவேணிக்கு

மலாக்கா, காஜா பேராங்
15-9-1957

அன்பு மகள் கமலவேணிக்கு,

உன் அம்மா ருக்மணி ஆசியுடன் எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். லண்டன் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் பார்க்க பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனோம். கூட்டத்தில் அப்பாவின் ஒரு செருப்பு காணாமல் போய்விட்டது. மனிதர் மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே வீடு வந்தார்.

போன கடிதத்தில், உங்கள் டீச்சர் பயிற்சிக் கல்லூரியில் மேடையில் நின்று பாடம் சொல்கிறவர் லெக்சரர், உங்களைச் சிறு குழுவாக அழைத்துக் கவனிக்கிறவர் டியூட்டர், உடற்பயிற்சி பழக்குகிறவர் இன்ஸ்ட்ரக்டர் என்று எழுதியிருந்தாய். எல்லாரும் வாத்தியார்தானே, இத்தனை பெயர் எதற்கு என்றார் அப்பா. நான் அதை அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். பெருமைதான், மறைப்பானேன்!

விஷயத்துக்கு வருகிறேன். புக்கிட் பாரு அப்பாசாமி தன் மகன் கருணாகரனுக்கு உன்னைக் கேட்டு வந்தார். பையன் நல்லவன், கவர்ன்மெண்டு வேலை. வீடு இங்கிருந்து சைக்கிளில் போகும் தூரம். எனக்கு வாயெல்லாம் பல். படிப்பு முடித்து நீ வந்த பிறகு நினைத்த நேரம் உன்னைப் பார்க்கலாமே!

காப்பி கொடுக்கும்போதுதான் அவர் அடுத்த பேச்சை எடுத்தார். பொம்பளப் பிள்ள கிளந்தான், திரெங்கானுன்னு தூரத்து ஊருக்கெல்லாம் அலையணுமா, கவர்ன்மெண்டு அனுப்புற ஊருல வேலை பாக்கணும்ங்கிற ஸ்காலர்ஷிப் ஒப்பந்தத்த நான் பேசி முடிச்சிர்றேன், வீட்டுலயே நாலு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கட்டும்லா என்றார். லண்டன்ல டியூட்டர்னா டீச்சரவிடப் பெரிய ஆளாம்லா என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். விருந்தாளி முன்னால் நான் வாய் திறந்து நீ பார்த்திருக்கிறாயா? அன்று திறந்தேன். அங்க இருக்கிற டியூட்டர் டீச்சருங்களையே உருவாக்குறவருங்க, உங்க ஹால்ல உட்காரப் போறது டியூஷன் அக்காங்க என்றேன். வசதியுள்ள நாலு வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஆள் எப்படியும் கிடைக்கும், ஒரு வகுப்பு நிறைய ஏழைப் பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கே, அதுங்களுக்குத்தான் எம் மக டீச்சர் என்றும் சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவிட்டார். காப்பியை முழுதாகக் குடிக்கவில்லை. நம் வீட்டு லெக்சரர் யாரென்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது என்று அப்பா இன்னும் கேலி செய்கிறார். ஆனால் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லித் திரிகிறவரும் அவர்தான்.

உன்னைக் கேட்காமல் பேசிவிட்டேன். பையனை உனக்குப் பிடித்திருந்தால் எழுது. நானே புக்கிட் பாருவுக்கு நடந்து போய்ப் பேசுகிறேன், எனக்கு அதில் வெட்கமில்லை. வேலையை விடுவது மட்டும் பேச்சில் கிடையாது.

கவர்ன்மெண்டு எந்த ஊருக்கு அனுப்பினாலும் போ. அம்மா ஏங்குவாளே என்று எந்த ஊரையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே. நிமிர்ந்து நின்று பாடம் சொல். நீ நன்றாக இருப்பாய்.

பள்ளிக்கு விடுமுறை விட்டால் மட்டும் அங்கே ஒரு நாள்கூடத் தங்காதே, கண்ணு. முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு.

இப்படிக்கு,
உன்னை நினைத்துப் பூரிக்கும் அம்மா
ருக்மணி