மதினி அழுத்தாத பொத்தான்

என் பிரியமான அண்ணே,

கீழ் கோத்தகிரியில் மழை விட்டுவிட்டது. தேயிலைக் கொழுந்து நன்றாக வந்திருக்கிறது. நீ உயிரோடு இருந்திருந்தால் அதற்கும் ஒரு குறை கண்டுபிடித்திருப்பாய்.

உன் மகள் செல்வி இணையத்தில் ஒரு விவாத மன்றம் நடத்துகிறாள். சிலோன் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் அங்கேயே தங்கிவிட்டவர்களும் கப்பல் ஏறாமல் வம்பு பேசிக்கொள்ளும் இடம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அடிப்படைச் சொற்களை விளக்கி எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தாள். ஓய்வுபெற்ற வாத்தியாரை வேறு எதற்குத்தான் பயன்படுத்துவது?

ஒரே விஷயத்தைப் பற்றித் தொடரும் பேச்சுக்கு ‘இழை’ என்று எழுதினேன். பேச்சு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்பவருக்கு ‘மட்டுறுத்துநர்’.

“சித்தப்பா, இந்த விளக்கத்துக்கே ஒரு விளக்கம் வேணும்” என்றாள் செல்வி.

மட்டுறுத்துநரை அடித்துவிட்டு, தோட்டத்தில் நம்மை மேய்த்தவரின் பேரையே, ‘கங்காணி’ என்று போட்டேன். எல்லோருக்கும் உடனே புரிந்தது. சிலருக்குக் கோபமும் வந்தது.

அந்த வாரம்தான் சிலோன் மஸ்கெலியாவிலிருந்து ஒரு பெண் புது இழை தொடங்கினாள். தன் பாட்டி பார்வதியின் அக்கா இந்தியாவில் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டிருந்தாள். அண்ணே, அந்தப் பார்வதி என் மதினியின், உன் மனைவியின், தங்கை! நாம் கப்பலேறிய பிறகு முகம் பார்க்காத தங்கை.

பதில் எழுத வேண்டுமானால் மதினி உறுப்பினராக வேண்டும். திரையில் ‘பதிவு செய்க’ என்றொரு பொத்தான். மதினி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ஒருக்கா பதிஞ்சதுக்கே கப்பல்ல ஏத்திட்டாங்க தம்பி. இந்த வயசுல எங்க அனுப்புவாங்களோ?”

“இது சும்மா பேரு குடுக்கறதுதாம்மா” என்றாள் செல்வி.

“அன்னிக்கும் சும்மான்னுதான்டி சொன்னாங்க, உங்கப்பாவும் சேந்து.”

இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்? இந்தியக் குடியுரிமைக்குப் பதிந்து விண்ணப்பம் போட்டபோது அவருக்கும் சேர்த்து நீதான் கையெழுத்துப் போட்டாய். ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் என் சொல் விளக்கத்தைத் திருத்தினேன். செல்வி பொத்தானை மாற்றினாள். ‘பிரட்டுக்கு வந்தேன்.’ தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பிரட்டு. அதற்கு வந்தவரை யாரும் நாடு கடத்தியதில்லை. சாயங்காலம் லயத்து வீட்டுக்குத் திரும்பிவிடலாம். மதினி அழுத்தினார்.

“இருக்கேன்டி. நீ ஏன் இத்தன காலமா என்னயத் தேடல?” அவர் சொல்லச் சொல்லச் செல்வி தட்டினாள்.

சற்று நேரத்தில் பார்வதியின் பதில் வந்தது. “போன வருசமே தேடினேன் அக்கா. பதியச் சொன்னாங்க. பயந்துபோய்த்தான் பேத்திய எழுதச் சொன்னேன்.”

அன்றிலிருந்து இருவரும் தினமும் சண்டை போடுகிறார்கள். பொருளை விட்டு விலகும் பேச்சு நீக்கப்படும் என்பது மன்றத்தின் விதி. கங்காணி செல்விக்கு அது கண்ணில் படுவதில்லை.

இப்போது மதினி மஸ்கெலியாவுக்குப் போகவேண்டும் என்கிறார். பாஸ்போர்ட்டுக்கு மறுபடியும் விண்ணப்பம். இந்தமுறை கையெழுத்தை அவரே போடுவார். நான் பக்கத்தில் நின்று, திரும்பி வரவும் டிக்கெட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன், அண்ணே.

இப்படிக்கு,
உன்னோடு அதே கப்பலில் வந்த தம்பி