உள்ளே விடாத பெட்டி

2005 நவம்பர் 8, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று ஆபீஸில் கம்ப்யூட்டர்களை இணைக்கிற சுவிட்சுப் பெட்டியைப் பார்த்து, "சாப்டியா?" என்று கேட்டேன்.

மழைக்கு உப்பளம் மூடியதிலிருந்து காவலுக்கு நான் ஒருவன்தான். வாரம் ஒருமுறை பெட்டியைப் பார்க்க வரும் இன்ஜினியர் குமார்தான் பேச்சுத்துணை. மத்தியானம் அவன் சொன்னான்: "அண்ணே, இனிமே நான் வரவேண்டியதில்ல. பாண்டியிலருந்தே உள்ள பூந்து பாத்துக்குவேன். என் கம்ப்யூட்டரத் தவிர வேற யாரையும் பெட்டி உள்ள விடாது."

"ஏம்பா, மாமியார் வீட்டுல கூட இவ்ளோ கண்டிசன் இல்லியே!"

சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டான். அப்புறம்தான் பெட்டியிடம் பேசினேன்.

இருட்டியதும் போன் வந்தது. "அண்ணே, பெட்டியில என் கம்ப்யூட்டர் நம்பரத் தப்பாப் போட்டுட்டேன். என்னையே உள்ள விடமாட்டேங்குது. காலையில வர்றேன்."

"அடப் பாவமே" என்றேன். மீன்காரியிடம் நாளைக்கு இரண்டு பேருக்கு மீன் சொல்லிவிட்டேன்.