கோன் அட்டைக் கலர்

3.2.2025
ஆறரை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம். இருபத்திரண்டு வருசம் நூல் மில்லில் கோன் வைண்டிங், அட்டைக் கோனில் நூல் சுற்றுகிற வேலை, பார்த்தவளை, "வீட்டு வேலைக்கு வா பாக்கியம், மிஷின்ல நின்னு கஷ்டப்பட வேண்டாம்" என்று முதலாளி தன் பங்களாவுக்கு மாற்றிவிட்டார். மகன் செத்துப்போனதற்கு இரக்கமாம். இங்கே மட்டும் உட்காரவா விடுகிறார்கள்?

மகன் செல்வின் கடைசியாக வேலை பார்த்ததும் இந்த வீட்டில்தான். ஆறு இடத்தில் பாட்டுக் கேட்க ஸ்பீக்கருக்கும் பட்டனுக்கும் வயர் இழுத்து வைத்தான். பட்டனை மாட்டுவதற்குள், பைக்கில் வீட்டுக்கு வந்தவன் மேல் லாரி ஏறிவிட்டது. நாலு மாசம்.

5.2
மிச்சத்தை முடிக்க மதுரையிலிருந்து சதீஷ் என்று ஒருத்தன் வந்திருக்கிறான். செருப்போடு பூஜை அறை வரை போகிறான். பட்டனுக்குப் பேர் கீபேடாம். சுவரில் ஒட்டின பல்லி மாதிரி இடத்துக்கு ஒன்று. எங்கே அழுத்துகிறோமோ அங்கே பாட்டு வருமாம். ரேடியோவைத் திருகினால் கை தேய்ந்துவிடும்போல இவர்களுக்கு.

லேப்டாப்பைத் திறந்து வைத்து மூன்று முறை காபி கேட்டான்.

6.2
காபி ஐந்து.

8.2
ஹாலில் அழுத்தினால் மாடியில் பாடுகிறது. பூஜை அறையில் அழுத்தினால் வாசல் போர்டிகோவில் பாட்டு. தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் பேச்சிமுத்து எழுந்து கேட்டைத் திறக்க ஓடினார். சிரித்துவிட்டேன். நாலு மாசத்தில் முதல் சிரிப்பு.

நிலைக்கவில்லை. சதீஷ் முதலாளியிடம் சொன்னான்: "முன்னாடி செஞ்சவன் வயரிங்கையே சொதப்பி வச்சிருக்கான் சார். ஒண்ணுலயும் நம்பர் எழுதல. என்னமோ அட்டைக் குப்பையைக் கட்டி விட்டிருக்கான். செவுத்த ஒடச்சுப் புதுசா இழுக்கணும்."

முதலாளி, "நல்ல பையன்னு நம்பிக் குடுத்தேன். செத்தவனை இப்ப என்ன சொல்ல" என்றார். நாகஜோதி அம்மா, அவர் வீட்டுக்காரி, என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

எம் புள்ளயா சொதப்புனான்? ஸ்விட்ச் போர்டுல நாலு ஸ்க்ரூவும் ஒரே பக்கமா நிக்கணும்னு திருப்பித் திருப்பி முடுக்குவானே.

9.2, ஞாயிறு
கோயிலுக்குப் போனேன். பாதிரி ஐயர் மன்னிக்கச் சொல்லிப் பிரசங்கம் பண்ணினார். அவருக்கென்ன, அவர் சதீஷைப் பார்த்ததில்லை.

10.2
சதீஷ் சாப்பிடப் போன நேரம், கூட்டுகிற சாக்கில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் வயர்ப் பெட்டியைப் பார்த்தேன். பதினெட்டு வயர், இடத்துக்கு மூன்று. ஒவ்வொரு நுனியிலும் ஒரு கலர் அட்டைத் துண்டு, நூலில் கட்டித் தொங்கியது. எங்கள் மில் கோன் அட்டை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நூல் எத்தனையாம் நம்பர் என்பதை மில்லில் கோன் கலரை வைத்துத்தான் சொல்லுவோம். இருபது மஞ்சள், முப்பது பச்சை, நாற்பது ரோஸ், அறுபது நீலம், எண்பது சிவப்பு, நூறு ஊதா. மோட்டா நூலிலிருந்து சன்ன நூல் வரைக்கும். இந்த வரிசையை என்னிடம் கேட்டுத்தான் செல்வின் எழுதிக்கொண்டு போனான். "வாசல்ல மோட்டா, உள்ள போகப் போக சன்னம். மாடி கடைசி." நம்பர் எழுதினால் என்னலே என்று கேட்டேன். "மை அழிஞ்சிரும்மா. இது மில்லுக்காரர் வீடுல்லா. நான் இல்லாட்டியும் அவியளுக்குப் பாத்த ஒடனே புரியும்."

புரிந்துவிட்டது! மூன்று தலைமுறையாக மில் நடத்துகிற மனிதர். தன் கோன் அட்டையைக் குப்பை என்றவனுக்குத் தலையை ஆட்டினார்.

11.2
சொல்லவில்லை. எதற்குச் சொல்ல? உடைக்கட்டும். அவர்கள் சுவர், அவர்கள் மூக்கில் தூசி.

13.2
நாளைக்குச் சுவரை உடைக்க ஆள் வருகிறது. யோசித்துப் பார்த்தால் — பிடுங்கி எறியப்போவது செல்வின் இழுத்த வயரைத்தானே. பிடுங்கிவிட்டால் பொறவு சதீஷ் சொன்னதுதான் நிலைக்கும். இவனுக்கு முன்னால நானே சும்மா நின்னு பாக்கணுமா?

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. லாரி ஏறின அந்த இடம் வரும்.

14.2
முதலாளி, சதீஷ், சுத்தியலோடு இரண்டு பேர். நடுவில் போய் நின்று அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"மொதலாளி, நம்ம மில்லுல மஞ்சக் கோன் எத்தனையாம் நம்பர்?"

சூப்பர்வைசரைக் கேட்கப் போனை எடுத்தார்.

"போன் வேண்டாம். இருபது. அது போர்டிகோ." மற்ற ஐந்தையும் வரிசையாகச் சொன்னேன். "ஏலே சதீஷ், எந்திரிச்சு மாட்டு."

"ஆன்ட்டி, அட்டையைப் பாத்தெல்லாம் எப்படி..."

"ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்திருந்தாலே வெளங்கியிருக்கும். காப்பி குடிக்கவே ஒனக்கு நேரம் காணல."

சுத்தியல்காரர் ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் முடிந்தது. ஹாலில் அழுத்தினால் ஹாலில், மாடியில் அழுத்தினால் மாடியில். பதினெட்டில் ஒன்றுகூடத் தப்பில்லை. முதலாளி சதீஷின் தோளைத் தட்டினார். வேறு யார் தோளைத் தட்டுவார்?

மூடும்போது அட்டைகளை வெட்ட அவன் கத்தரியை எடுத்தான். "கைய எடு" என்றேன். எடுத்தான். அட்டையோடே பெட்டியை மூடினான்.

17.2
மில்லுக்கே திரும்பிப் போறேன் என்று நாகஜோதி அம்மாவிடம் சொன்னேன். "இங்க என்ன கொறை?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. அங்க கலர் தெரிஞ்சவங்க இருக்காங்க."

26.3
மில்லில் சாப்பாட்டு நேரத்தில் சதீஷ் போன். வேறு ஒரு வீட்டில் வேலையாம்.

"ஆன்ட்டி, வேஸ்ட் கோன் கலருக்கு ஒண்ணு கெடைக்குமா?"

"ஒனக்கு எதுக்குலே?"

"வயர்ல கட்டத்தான். அந்த வரிசையும் மறந்துட்டேன்."

மிஷின் சத்தத்தை விட்டு வெளியே வந்தேன்.

"எழுதிக்க" என்றேன். "வாசல்ல இருந்து ஆரம்பி."