விமானம் ஓட்ட வாங்கிய கணினி

நேற்று மாலை உன் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றித் தூசி ஊதினேன். மறுபடி மாட்டி ஓடவிட்டதும், சூடான உலோகமும் தூசியும் கலந்த அந்த வாசம் வந்தது. வாங்கிய முதல் நாள் நீ அதற்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், "ஏட்டி, இது பத்து நிமிசத்துல போயிரும். போகலன்னாதான் பயப்படணும்" என்றாய். நேற்றும் போய்விட்டது. அப்புறம்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

மேலநீலிதநல்லூர் அலுவலகத்தில் நமக்கு அடுத்தடுத்த மேசை. சங்கரன்கோவிலிலிருந்து ஒரே பேருந்தில் போய், ஒரே பேருந்தில் திரும்புவோம். உனக்கு நாற்பது வயது தாண்டிய பிறகு ஒரு நாள், அந்தப் பேருந்தில் வைத்து நீ சொன்னாய்: "நான் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போறேன். விமானம் ஓட்டணும்." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அதுவரை விமான நிலையத்தின் வாசலைக்கூட நீ மிதித்ததில்லை.

நான்கு மாதம் வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டுதான் திருநெல்வேலிக் கடைக்கு என்னை இழுத்துப் போனாய். கடைக்காரத் தம்பி, "பையனுக்கா அக்கா?" என்று கேட்டான்.

"எனக்கு" என்றாய்.

அவன் கொஞ்சம் தடுமாறிவிட்டு, கேம் என்றால் திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டில்தான் துட்டைப் போட வேண்டும், ப்ராசஸர் சுமாராக இருந்தால் போதும் என்றான்.

"சண்டை போடுத கேமுக்கு நீங்க சொல்லுதது சரி தம்பி. விமானத்துக்கு அப்படி இல்ல. காத்து, எஞ்சின், இறக்கைன்னு எல்லாத்தையும் நிமிசத்துக்கு நிமிசம் கணக்குப் போடுதது ப்ராசஸர். அங்கன குறைச்சா படம் அழகா இருக்கும், விமானம் திக்கித் திக்கிப் போகும்."

கலர் விளக்கு எரியும் பெட்டியை வேண்டாம் என்று ஒதுக்கி, அந்தக் காசுக்கு நல்ல பவர் சப்ளையைக் கேட்டாய். படம் காட்டும் திறனும் உள்ளேயே இருக்கிற ப்ராசஸராக வாங்கினாய். கார்டு இல்லாமல் ஆறு மாதம் அதிலேயே ஓட்டினாய். திரையில் மரங்கள் எல்லாம் பச்சைக் கட்டியாகத் தெரியும். "பறக்குதா இல்லையா, அதைப் பாரு" என்பாய்.

பிறகு பழைய கார்டு தேடினோம். கோவில்பட்டியில் ஒருவர் புதுசு போலவே ஒன்றை எடுத்து வைத்தார். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் வாங்குவேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். அவர் முகம் மாறியது. எனக்குக் கூச்சமாக இருந்தது, உன் முழங்கையை இடித்தேன். நீ அசையவில்லை. இருபது நிமிடம் கழித்துத் திரையில் வரிவரியாகக் கோடுகள் விழுந்தன. நீ எழுந்து, "வாரேன் அண்ணாச்சி" என்று சிரித்தபடி வெளியே வந்தாய். கோபமே இல்லை. கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரிப் பெண், "ஒரு ஃபேன் சத்தம் போடும்க்கா" என்று தானாகவே சொல்லி விற்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நீ பேரம் பேசவில்லை. திரும்பும் பேருந்தில் கார்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாய். கரிவலம்வந்தநல்லூர் தாண்டும்வரை என்னைக்கூடத் தொடவிடவில்லை.

அடுத்த வருடம் மஸ்கட்டில் என் வீட்டுக்காரர் வேலையிடத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். நான் போயே ஆகவேண்டும். எனக்கோ லிப்டில் ஏறினாலே நெஞ்சு அடைக்கும். டிக்கெட் எடுத்த பிறகும் போகமாட்டேன் என்று உன் வீட்டில் வந்து அழுதேன். நீ என்னைக் கணினி முன்னால் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டாய்.

"திருவனந்தபுரத்துல இருந்து கிளம்புதோம். இப்ப சத்தம் ஏறும். இப்ப கீழ தடக்குன்னு கேக்கும், சக்கரம் உள்ள போகுது, அவ்வளவுதான். இப்ப சத்தம் குறையும். விழுதோம்னு நினைப்ப. விழல மக்கா, எஞ்சினைத் தணிக்காங்க."

ஒன்பது நாள், தினமும் அலுவலகம் விட்டு வந்ததும் இதே பாடம். நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ எழுந்து போவாய். கேட்டால் வாயு என்பாய். உன்னைப் பார்த்த டாக்டர் என்ன சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. உனக்கு அப்போதே தெரியும்.

நிஜ விமானத்தில் அந்தத் தடக் சத்தம் கேட்டபோது பக்கத்து சீட்டுப் பெண் என் கையைப் பிடித்தாள். "சக்கரம் உள்ள போகுது" என்று அவளுக்கு நான் சொன்னேன்.

வீட்டுக்காரரைத் தேற்றி நடக்கவைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது நீ பாதியாக மெலிந்திருந்தாய். நான் பயணத்தைச் சொல்லச் சொல்ல ஆசையாகக் கேட்டாய். "மேல இருந்து கீழ என்ன தெரிஞ்சது?"

உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை. போகும்போதும் வரும்போதும் ஜன்னல் மறைப்பை மூடியே வைத்திருந்தேன் என்றேன்.

நீ சிரித்தாய். "ஏட்டி, எனக்காக ஒரு தடவை பாத்திருக்கக்கூடாதா?"

இரண்டு மாதத்தில் நீ போய்விட்டாய். உன் அம்மா கணினியை என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். இப்போது அலுவலகத்தில் யாராவது எந்தக் கார்டு நல்லது, எந்த ப்ராசஸர் நல்லது என்று கேட்டால், உன்னைப் போலவே, "என்னத்துக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல" என்று கேட்கிறேன்.

போன மாதம் மறுபடியும் மஸ்கட் போனேன். இந்தத் தடவை ஜன்னல் மறைப்பைத் திறந்தேன். மறுபடி மூடவில்லை. கீழே வெள்ளை மேகம். அதன் மேல் நம் விமானத்தின் நிழல் சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிழலைச் சுற்றி முழு வட்டமாக ஒரு வானவில், கூடவே வந்தது. உன் கணினியில் இது ஒரு நாளும் வந்ததில்லை. அது மறையும்வரை கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி, ஒவ்வொன்றாக உனக்குச் சொல்லிக்கொண்டே பார்த்தேன்.