கத்தியை யார் பிடிப்பது

மகளிர் விடுதி, சேலம்
3.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போனில் சொன்னால் நேற்றுப் போலவே பாதியில் துண்டித்துவிடுவீர்கள். அதனால்தான் தாளை எடுத்துவிட்டேன். கடிதத்தைத் துண்டிக்க முடியாது, கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன்னால் ஒரு முறை படித்துவிடுங்கள்.

நீங்கள் முழுதாகக் கேட்காத சேதி இதுதான். இறுதியாண்டு தொடங்கும் முன் ஒரு மாதம், எங்களுக்குப் பிடித்த துறையில் போய் வேலை பழக வேண்டும். பின்னால் பி.ஜி.க்கு எந்தத் துறைக்குப் போகப் போகிறோம் என்று யோசித்துத்தான் எல்லோரும் எழுதிக் கொடுக்கிறார்கள். என் அறைத்தோழி ஷைமா தோல் மருத்துவம் கொடுத்தாள். நான் பாரன்சிக் கொடுத்துவிட்டேன். ஆமாம் அப்பா, பிரேதப் பரிசோதனைதான். பி.ஜி.யும் அதிலேயே படிக்கப் போகிறேன்.

வேறெதுவும் கிடைக்காதவர்கள் போகிற இடம் அது என்று இங்கேயும் சொல்கிறார்கள். வகுப்பில் நான் மூன்றாவது. எனக்குக் கிடைக்காத இடம் என்று ஒன்றும் இல்லை. பிடித்துத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில் இத்தனை வருடம் 'அரசு ஊழியர்' என்று எழுதி வந்தோம். இந்த விண்ணப்பத்தில் 'பிணவறை உதவியாளர், ஓய்வு' என்று எழுதினேன். உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

அம்மாவை முட்டிவலி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
அன்புக்கரசி


கணபதி, கோவை
9.2.2025

அன்பு மகள் அன்புக்கரசிக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் அம்மாவும் சுகம். உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கிழிக்கப் போனேன், உங்கம்மா பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டாள்.

ஏனம்மணி, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? அத்தனாம்பெரிய ஆஸ்பத்திரியில உனக்கு வேற ரூமே கண்ணுல படலியா?

என் அப்பன் தோட்டத்துக் கூலி. அந்தத் தோட்டத்துக்காரர்தான் சொல்லி எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை வாங்கித் தந்தார். என்ன வேலை என்று முதல் நாள் அந்தக் கதவைத் திறந்த பிறகுதான் எனக்கே தெரியும். நான் பின்வாங்கினேன். அங்கிருந்த குமாஸ்தா சிரித்துக்கொண்டே, "உங்காளுகளுக்கு இதெல்லாம் பழக்கந்தானப்பா" என்றான். எங்கள் பரம்பரையில் ஒருத்தரும் பிணத்தை அறுத்ததில்லை. ஆனாலும் உள்ளே போனேன். இருபத்தெட்டு வருசம் போனேன்.

சாயங்காலம் வந்து, பின்பக்கம் துணியை அவிழ்த்துப் போட்டு, வெந்நீரில் குளித்தால்தான் உன்னைத் தூக்குவேன். நீ கையை நீட்டிக்கொண்டு அழுவாய். அப்பவும் தொட மாட்டேன். இந்தக் கருமம் என்னோடு ஒழியட்டும் என்றுதான் உன்னைப் படிக்க வைத்தேன். நீயானால் தேடிப் போய் அதே கதவைத் தட்டுகிறாய்.

நம் வீட்டுக்காரர் லட்சுமிநாராயணனிடம் நான் ரெக்கார்டு ரூமில் இருந்ததாகச் சொல்லித்தான் இந்த வீட்டுக்கே குடி வந்தோம். நீ குழந்தை டாக்டர் ஆகப் போகிறாய் என்று இந்த வீதி பூராவும் சொல்லிப்போட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுட்டு வெளிய போவேன்?

நாளைக்கே மாற்றி எழுதிக் கொடு. இல்லாவிட்டால் எனக்குக் கடிதமும் வேண்டாம், போனும் வேண்டாம்.

அப்பா,
மாசாணம்


மகளிர் விடுதி, சேலம்
14.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். நான் யார் பிள்ளை, இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அம்மாவைக் கேளுங்கள்.

மாற்றி எழுதிக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

நான் முதல் முறை பிரேதப் பரிசோதனை பார்த்த நாளை உங்களிடம் சொன்னதே இல்லை. போன வருடம் எங்கள் வகுப்பைக் கூட்டிப் போனார்கள். பாதிப் பேர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. எத்தனை வெந்நீர் ஊற்றிக் குளித்தாலும் உங்களிடம் கொஞ்சம் மிச்சம் இருக்கும் அப்பா. சின்ன வயதில் அந்த வாசம் வந்தால் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று ஓடி வருவேன். அன்றைக்கு அங்கே நின்றபோது உங்கள் ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து ஷைமா தண்ணீர் கொடுத்தாள்.

எங்கள் பேராசிரியர் ஒரு அம்மா. அவர் கையுறை மாட்டிக்கொண்டு கத்தியைத் தானே எடுத்தார். உதவிக்கு இருக்கும் பாலுசாமி அண்ணன் உடலைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். முதல் கீறலிலிருந்து கடைசித் தையல் வரை மேடம்தான் செய்தார். எங்களில் ஒருவன், "அதுக்குத்தான் ஆள் இருக்காருங்களே மேடம்?" என்று கேட்டுவிட்டான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கையெழுத்து நான் போடறேன். அப்ப யாரு பாக்கோணும்?" என்றார்.

நான் முடிவு செய்தது அப்போதுதான். உங்கள் கை எத்தனை உடலைத் திறந்திருக்கும்! ஒரு தாளிலாவது உங்கள் பெயர் இருக்கிறதா?

உங்காளுகளுக்குப் பழக்கந்தானே என்றானே அந்தக் குமாஸ்தா, அவனுக்கு நான் பதில் சொல்கிறேன். ஆமாம், எங்கள் வீட்டில்தான் இருபத்தெட்டு வருடம் செய்தோம். இனிமேல் கையெழுத்தையும் நாங்களே போடுகிறோம்.

உங்கள் கோபத்துக்கு நான் பயப்படவில்லை. ஆனால் நீங்கள் பேசாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் மகள்,
அன்புக்கரசி


கணபதி, கோவை
2.3.2025

கண்ணு அன்புக்கரசிக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. டாக்டரம்மா தன் கையால் அறுத்தார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் சர்வீஸில் ஒரு நாளும் நான் அதைப் பார்த்ததில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது உனக்குச் சொல்கிறேன்.

நீ மூன்றாவது படிக்கும்போது சோமனூர்ப் பக்கமிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். தறிக்குப் போகிற பிள்ளை, கல்யாணம் ஆகி ஒரு வருசம். தூக்கு மாட்டிக்கொண்டாள் என்றார்கள். டாக்டர் வாசப்படியில் கர்ச்சீப்போடு நின்றுகொண்டு, "மாசாணம், கழுத்துல கயித்துத் தடம் இருக்குதில்ல?" என்றார்.

"இருக்குதுங்க. அதுக்குக் கீழ வெரல் தடமாட்டவும் இருக்குதுங்க. வந்து பாத்துப்போடுங்க" என்றேன்.

"உன்னைய நான் அதைக் கேட்டனா?" என்றார். உள்ளே வரவில்லை. தூக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வெளியே அந்தப் பிள்ளையைப் பெற்றவள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "சாமி, நீ பாத்தயல்ல, எம்புள்ள தானாத்தான் செத்தாளா?" என்று கேட்டாள். எனக்கு வேலை போய்விடும் என்று பயம். "எனக்கொண்ணும் தெரியாதுங்கம்மா" என்று சொல்லிக் காலை உருவிக்கொண்டு நடந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதேன். அழுது யாருக்கு என்ன ஆச்சு? உன்னை அந்தப் பக்கம் போகாதே என்று நான் கத்தியது நாற்றத்துக்காக மட்டும் இல்லை, கண்ணு. எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நேற்று லட்சுமிநாராயணனிடம் நானே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு, "ஊட்ல பொம்பளைங்க சங்கடப்படுவாங்க மாசாணம். வேற ஊடு பாத்துக்கோங்க" என்றார்.

"பாத்துக்கறனுங்க. எம்புள்ள போஸ்ட்மார்ட்டம் டாக்டராகப் போறா, அதையும் உங்கூட்டுப் பொம்பளைங்ககிட்டச் சொல்லிப்போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கம்மா பொன்னாத்தாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். இனி யாரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை என்று என்னைவிட அவளுக்குத்தான் குஷி. பல்லடத்தில் உன் மாமன் திருமலைசாமி வீடு பார்க்கிறான்.

நீ அதையே படி. பி.ஜி. பரீட்சைக்கு என்ன புத்தகம் வேண்டுமோ எழுது, வாங்கி அனுப்புகிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். வாசப்படியில் நின்று எழுதுகிற டாக்டராக மட்டும் நீ ஆகிவிடாதே. உள்ளே போ. நீயே கத்தியைப் பிடி, உன் கண்ணால் பார். முடித்து வெளியே வந்தால் அங்கே பெற்றவள் ஒருத்தி நிற்பாள். அவள் கேட்பாள். நின்று பதில் சொல்லிவிட்டு வா.

அப்பா,
மாசாணம்