அறுபது சென்டிமீட்டர்

மார்ச் 4, 2019
நகர அரங்கத்தை இடிக்கப் போகிறார்கள். நகராட்சியிலிருந்து தெமெனுகா என்ற பெண் வந்தாள். "முப்பத்தாறு வருஷம் அங்க சுண்ணாம்புக் கோடு போட்டவர் நீங்க. அரங்கத்தோட வரலாற நாலு பக்கம் எழுதிக் குடுங்க ஐயா." அவள் கொண்டுவந்த பனித்சாப் பலகாரத்தை வாயில் வைத்துக்கொண்டே தலையாட்டிவிட்டேன். எனக்கு எப்போதும் தலைதான் முந்தும்.

மார்ச் 9
கால்பந்து, மல்யுத்தம், மோட்டார் சைக்கிள் பந்தயம், கம்யூனிஸ்ட் ஆட்சியின் செப்டம்பர் அணிவகுப்பு. சர்க்கஸ்காரர்கள் கோல் கம்பத்தில் கரடியைக் கட்டிய வருடம். வந்தவனுக்கெல்லாம் வளைந்து கொடுத்த மைதானம். அந்த ஆட்சி போய், தொண்ணூறுக்குப் பிறகு மேய ஆடுகள் மட்டும் வந்தன. இதுவரை கை தானாக ஓடியது. பிறகு 'சாதனைகள்' என்று தலைப்புப் போட்டேன். முதல் பெயர் வெனெத்தா. 1974, பெண்கள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். பேனாவை மூடிவிட்டேன்.

மார்ச் 10
எழுதவில்லை.

மார்ச் 15
இங்கேயாவது எழுதுகிறேன். 1973-இல் அணிவகுப்பு மேடையை அகலமாக்க, அந்தப் பக்கத்து ஓடுதளத்தை அறுபது சென்டிமீட்டர் உள்ளே தள்ளினார்கள். அடுத்த மே மாதம் வெனெத்தா சாதனை படைத்தாள். ஊரே தோளில் தூக்கியது. சாதனை என்றால் ஓடுதளத்தை மறுபடி அளக்க வேண்டும். நான்தான் அளந்தேன். நானூறு மீட்டர் இருக்க வேண்டிய சுற்றில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் குறைந்தது. அரங்கத்தின் இயக்குநர் காகிதத்தை நீட்டி, "நானூறுன்னு எழுதுடா" என்றார். எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து தலைநகர் சோபியாவில் தேசிய அணிக்கான தேர்வு. அவள் தன் சாதனை நேரத்தைவிட ஒரு விநாடி சொச்சம் தாமதம். மூன்றே முக்கால் சுற்றில் குறைந்த ஏழு மீட்டருக்கு அதுதானே கணக்கு? அதே ஓட்டம்தான் ஓடியிருக்கிறாள்! பயிற்சியாளர், "பெரிய மைதானத்தப் பாத்தா நடுங்குறவ" என்று விலக்கிவிட்டார். அவளும் அதை நம்பினாள். பிறகு அவள் ஆசிரியையாக இருந்த பள்ளியில் தலைமை ஆசிரியர் பதவி தேடி வந்தபோதுகூட, "நான் கடைசி வளைவுல பயப்படுற ஆளுப்பா" என்று சிரித்து ஒதுங்கினாள். அப்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஏன் சொல்லவில்லை? — காரணம் தெரியும். எழுதக் கை வரவில்லை.

மார்ச் 22
போய்ச் சொல்லிவிட்டேன். அளவு, காகிதம், எல்லாம். வெனெத்தா மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.
"அப்ப நான் நடுங்கலையா?"
"இல்ல வெனெத்தா."
"காப்பி ஆறுது, குடி."
குடித்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 29
தொலைபேசியில் அவள். "இடிக்கிறதுக்கு முன்னாடி, அடுத்த வாரம் சனிக்கிழமை எல்லாரும் ஒரு சுத்து நடக்கலாமாமே. நானும் வரேன். சரியான கோட்டப் போட்டு வை." வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிடத் தைரியம் இல்லை. சாதனைப் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி தெமெனுகாவுக்கு அவளே எழுதிவிட்டாளாம்.

ஏப்ரல் 6
விடியும்போதே போய், பழைய வரைபடத்தைப் பார்த்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டேன். மூன்று முறை அளந்தேன். முதுகு விட்டுப்போயிற்று. எழுபத்தைந்து வயதில் ஒழுங்காகப் போட்ட ஒரே கோடு.

வெனெத்தா மகளோடு வந்தாள். கைத்தடியை மகளிடம் கொடுத்துவிட்டுத் தனியாக நடந்தாள். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு அவளைக் கடந்து போனார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கோட்டை விட்டு ஒரு அடி விலகவில்லை.

முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். மூச்சு வாங்கியது.
"இப்ப நானூறா?"
"நானூறு."
"அன்னைக்கு ஏன்டா வாயத் தொறக்கல?"
பொய் சொல்லலாம், இயக்குநர் மிரட்டினார் என்று. அவர் செத்து இருபது வருடம் ஆகிறது.
"வீடு குடுத்தாங்க" என்றேன்.
அவள் சுண்ணாம்புக் கோட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.
"எத்தன ரூம்பு?"
"ரெண்டு."
சரி என்பதுபோல் தலையாட்டினாள். கைத்தடியை வாங்கிக்கொண்டு மகளோடு வாசல் பக்கம் போனாள்.