கசப்பு இலையும் கொழுத்த புழுவும்

மார்ச் 4
ஆய்வகத்தில் கசப்புத் தீனி தின்ற புழுக்கள் எல்லாம் சுருண்டுவிட்டன. முட்டைக்கோஸ் இலை தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கிற அதே நஞ்சு! உடனே கோஸ் பயிரிடும் அக்காவுக்குப் போன் போட்டேன். கசப்பு ரகமாகப் போடு, மருந்தே வேண்டாம், உரத்தை மட்டும் தாராளமாக வை என்றேன். பின்னாலிருந்து அத்தான் குரல்: "கொழுந்தியா சொன்னா சரியாத்தான் இருக்கும்." நாள் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 20
செடிகள் தளதளவென்று நிற்கின்றனவாம்.

மே 11
இலையெல்லாம் சல்லடை என்று அக்கா அழுகிறாள். "மருந்து அடிக்கலாமான்னு அவர் அப்பவே கேட்டார்டி. நான்தான் தடுத்துட்டேன்."
என் வாய் சும்மா இருந்ததா? "அத்தான் எதையாவது சொதப்பியிருப்பாரு. அவருக்கு எதுலதான் பொறுமை இருக்கு?"
அக்கா மெதுவாக, "ஸ்பீக்கர்ல இருக்கு" என்றாள்.

மே 12
ஏன் அப்படிச் சொன்னேன்?

மே 15
நேரில் போனேன். அத்தான் "வா" என்றதோடு சரி. வயலெங்கும் கொழுகொழுவென்று புழுக்கள். கிணற்று மூலையில் மட்டும் இலைகள் முழுசாக இருந்தன. அங்கேயும் புழு உண்டு, ஆனால் நோஞ்சான்கள். "அந்தப் பக்கம் வர்றதுக்குள்ள உரம் தீர்ந்துபோச்சு" என்றாள் அக்கா.
அப்போதுதான் உறைத்தது. ஆய்வகத் தீனியில் நான் சேர்த்தது நிறைய மாவும் சர்க்கரையும், கொஞ்சமே புரதம். அரைகுறைச் சாப்பாடு — அதனால்தான் நஞ்சு கொன்றது. இங்கே உரம் உறிஞ்சிய இலையில் புரதம் ஏராளம். சத்தாகத் தின்ற புழு நஞ்சைத் தாங்கிக்கொள்கிறது. உரத்தைக் கொட்டச் சொன்னது யார்?
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தான் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். அப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சீ, என்ன பிறவி நான்.

மே 29
அதே நஞ்சு, புரதம் கூட்டிய தீனி. புழுக்கள் ஜோராக வளர்ந்திருக்கின்றன. இனி சாக்கு இல்லை.
அத்தானுக்கே போன் செய்தேன். "தப்பு உங்க மேல இல்ல அத்தான். நான் சொன்ன உரந்தான்." பொறுமையாகக் கேட்டார். பொறுமையாக!
"இதை உங்கக்காகிட்டயும் சொல்லிடு. நீ அன்னிக்குச் சொன்னதை நம்பி அவ இன்னும் என்னாலதான்னு நினைச்சிட்டிருக்கா."

மே 30
அக்காவிடம் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 8
அக்கா பேசினாள். பிள்ளைகள், மழை, முழங்கால் வலி. வயலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

ஆகஸ்ட் 17
அத்தான் தானாகக் கூப்பிட்டார். கசப்பு ரகத்துக்கு எவ்வளவு உரம் வைக்கலாம் என்று கேட்டார். பதில் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.
"தெரியல அத்தான். வயல்ல போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."
"அப்ப கிளம்பி வா. ரெண்டு பாத்தி ஒதுக்கி வெச்சிருக்கேன்."